பாராட்டு வைபவமும் பட்டியலில் இல்லாதாரும்

நமது நாட்டில் இப்போது பாராட்டு வைபவங்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடங்களிலும், கல்லூரிகளிலும், சர்க்கார் காரியாலயங்களிலும், தோட்டங்களிலும், சங்கங்களிலும் சிப்பந்திகளைப் பாராட்டுவதென்று வருஷந்தோறும் ஒரு நாள் குறிக்கப்படுகின்றது. மண்டபம் அலங்கரிக்கப்படுகின்றது, அக்கிராசனர் வருகின்றார், பெயர்கள் வாசிக்கப்படுகின்றன, நற்சான்றுப் பத்திரமும் பொன்னாடையும், சில இடங்களில் ஒரு தொகைப் பணமும் வழங்கப்படுகின்றன. படம் பிடித்த பிறகு விருந்து. அடுத்த மாதத்துச் செய்தி மடலில் "சிப்பந்திகள் செய்தி" என்னும் தலைப்பின்கீழ் அந்தப் படம் வெளிவருகின்றது. அதனோடு இன்னாருக்கு உத்தியோக உயர்வு, இன்னாருக்கு ஆண் குழந்தை, இன்னாருடைய தகப்பனார் காலமானார் என்னும் விவரங்களும் வருகின்றன.

உழைத்தவருக்கு நன்றி கூறுவது தவறென்று சொல்ல நான் வரவில்லை. நன்றி கூறத் தெரியாத சமூகம் உருப்படாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒருவருடைய சேவையைப் பாராட்ட வேண்டுமானால், முதலில் அந்தச் சேவை எத்தனை வருஷம் என்று எண்ணியாக வேண்டும். எண்ணுவதற்கே மறுத்துவிட்டுப் பாராட்டு விழா நடத்தும் ஸ்தாபனத்துக்குப் பாராட்டும் யோக்கியதை ஏது? இதுவே நான் இங்கே கேட்க வந்த கேள்வி. கேள்வி கல்லூரிகளைப் பற்றியதாகத் தொடங்கினாலும், கடைசியில் அது என்னையும் உங்களையும் வந்து தொடும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

நான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்ப்பவன். என் தகப்பனாரும் கிராணியாக இருந்தவரே. தம் சக்திக்கு மீறிய சம்பளம் கட்டி என்னை ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் பள்ளியில் படிக்க வைத்தார். என் தங்கை இம்மாநிலத்திலுள்ள ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறாள். சென்ற ஆண்டு அவளுக்குச் சிறந்த சேவைக்கான விருது கிடைத்தது. நற்சான்றுப் பத்திரமும் 1,000 வெள்ளியும் அதற்குரிய சன்மானம். குடும்பத்தார் வரலாம் என்று சொன்னதால் நானும் போயிருந்தேன்.

பெயர் வாசிக்கப்பட்டதும் தங்கை மேடையேறினாள்; நாங்கள் கைதட்டினோம். அப்போது மண்டபத்தின் பின்சுவரோரம் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்த ஓர் அம்மாளும் கைதட்டியதைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்த முகமாயிருந்தது. அருகில் போனதும் அவரே, "சின்னக் கிராணி தம்பியா?" என்று அடையாளங் கண்டுகொண்டார். எங்கள் தோட்டம் ரப்பர்த் தோட்டமாயிருந்த காலத்தில் அங்கே பால் வெட்டியவர். என் தகப்பனார் செக்ரோலில் ஒவ்வொரு நாளும் எழுதிய பெயர்களில் அவருடைய பெயரும் ஒன்று. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அவருடைய குடும்பம் லயத்தைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துக்குப் போயிற்று. அந்தக் கல்லூரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து 18 வருஷம் ஆகிறதாம்.

"பதினெட்டு வருஷமா! உங்களுக்கு எப்போது அம்மா மேடை?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு என்ன தம்பி, நான் கம்பெனி ஆளுதானே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

"கம்பெனி ஆள்" என்பதன் பொருளைப் பட்டணத்தார் பலர் அறிவர். தோட்டத்தாருக்காகச் சற்று விளக்குகிறேன். பள்ளியிறுதிப் படிப்பை முடித்தவர்கள் கைத்தொழில் கற்பதற்காகவும், வயது வந்தவர்கள் குறுகிய காலப் பயிற்சி பெறுவதற்காகவும் 2001-ஆம் ஆண்டு முதல் நமது சர்க்கார் சமூகக் கல்லூரிகளைத் திறந்து வருகிறது. ஜொகூரில் சிகாமட், பாசிர் கூடாங் முதலிய இடங்களில் அவை நடைபெறுகின்றன. இவை போன்ற சர்க்கார் கல்லூரிகளிலும், பள்ளிகளிலும், ஆஸ்பத்திரிகளிலும் பாடம் நடத்துவோர், கணக்கெழுதுவோர் ஆகியோர் பெரும்பாலும் சர்க்கார் சிப்பந்திகள். கூட்டுவோரும், கழிவறை கழுவுவோரும், வாயிலில் காவல் நிற்போரும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தனர். 1990-களுக்குப் பின் அவ்வேலைகள் படிப்படியாகக் குத்தகைக்கு விடப்பட்டன. அன்று முதல் அவர்களுக்கு எஜமான் கல்லூரியல்ல. டெண்டரில் ஜெயித்த குத்தகைக்காரர். குத்தகை இரண்டு மூன்று ஆண்டுகளில் முடியும். வேறொருவர் குத்தகை எடுப்பார். கூட்டும் இடம் அதுவே. கூட்டும் ஆளும் அவரே. சட்டையின் நிறம் மட்டும் மாறும். சட்டை மாறிய மறுநாள் முதல் அவர் புதிய ஆள். நேற்று வரை உழைத்த வருஷங்கள் புதிய கம்பெனியின் புத்தகத்தில் கிடையா.

நான் கிராணி. கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. ஆகவே அந்த அம்மாளின் 18 வருஷத்தையும் கணக்குப் போட்டேன். வாசகர்களும் கூடவே போட்டுப் பார்ப்பார்களாக.

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தின்படி, ஒரே எஜமானிடம் இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பள விடுமுறை. இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 12 நாள். ஐந்து வருஷத்துக்கு மேல் 16 நாள். அந்த அம்மாள் 18 வருஷமும் ஒரே எஜமானிடம் இருந்தவராகக் கருதப்பட்டால், முதல் இரண்டு ஆண்டுக்கு 16, அடுத்த மூன்றுக்கு 36, எஞ்சிய பதின்மூன்றுக்கு 208, ஆகமொத்தம் 260 நாள் கிடைத்திருக்க வேண்டும். குத்தகை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு குத்தகையிலும் 8, 8, 12, ஆக 28 நாள். ஆறு குத்தகைக்கு 168 நாள். வித்தியாசம் 92 நாள். அதாவது மூன்று மாத ஓய்வு, யாரும் திருடியதாகத் தெரியாமலேயே திருடு போயிருக்கிறது.

நோய்க்கால விடுப்பிலும் இதே கதை. அதற்குச் சட்டம் வகுத்த அளவு 14, 18, 22 நாள். தொடர்ந்த சேவைக்கு 368 நாள் வரும். உடைந்த சேவைக்கு 276 நாள்தான். இதிலும் போனது சரியாக 92 நாள். இளமையில் 14 நாள் போதும். முதுமையில் முழங்கால் வலிக்கும்போதுதான் 22 நாள் தேவைப்படும். நமது ஏற்பாட்டிலோ மனிதர் கிழமாகிக்கொண்டே போகிறார். அவருடைய சேவை மட்டும் என்றும் மூன்று வயதைத் தாண்டாத குழந்தையாகவே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆட்குறைப்பால் வேலை போகிறவருக்குரிய நஷ்டஈட்டை 1980-ஆம் ஆண்டின் விதிகள் வகுத்துள்ளன. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட சேவைக்கு வருஷம் ஒன்றுக்கு 20 நாள் சம்பளம். 18 வருஷத்துக்கு 360 நாள். ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம். ஆனால், "குத்தகை முடிந்தது, உன் ஒப்பந்தமும் முடிந்தது" என்று சொல்லப்படும் இடங்களில் அந்த 360 நாளும் காற்றில் போகிறது. மாதச் சம்பளமோ பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தோடு நின்றுவிடும். 2025-ஆம் ஆண்டில் அது 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நேற்று வந்தவருக்கும் 1,700. பதினெட்டு வருஷம் கூட்டியவருக்கும் 1,700. அனுபவத்துக்கு மதிப்புண்டு என்று கல்லூரி வகுப்பில் போதிக்கப்படுவது வகுப்பைக் கூட்டுகிறவருக்குப் பொருந்தாது போலும்!

இந்நிலையில் பாராட்டு நாள் வருகின்றது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டவரும், விருந்து முடிந்தபின் எச்சில் இலையும் காகிதத் தட்டும் எடுத்தவரும் பட்டியலில் இல்லை. செய்தி மடலில் இயக்குநரின் மாற்றலுக்கு அரைப்பக்கம் இருக்கிறது. அந்த அம்மாளின் கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அதற்கு அரை வரியும் இல்லை. பதினெட்டு வருஷம் தினமும் முகம் பார்த்தவர்களுக்கு அவர் வீட்டுச் சாவு ஒரு செய்தியாகவில்லை.

என் தங்கை நல்லவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் செய்தி மடலை நடத்துவோரிடம் போய், துப்புரவாளர், காவலர் ஆகியோருடைய பெயர்களையும், அவர்கள் அங்கே வேலை செய்த வருஷங்களையும் ஒரு பக்கத்தில் போடலாமே என்று கேட்டிருக்கிறாள். "அவர்கள் நமது சிப்பந்திகள் அல்லவே" என்பது பதில். மறுப்பில் கோபமும் இல்லை, துவேஷமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது. கோபத்தோடு செய்யும் அநியாயத்தை எதிர்க்கலாம்; படிவத்தில் கட்டம் இல்லாததால் நடக்கும் அநியாயத்துக்கு முகமே கிடையாது.

இவ்வேற்பாட்டை ஆதரிப்போர் சில சமாதானங்கள் சொல்வதுண்டு. அவற்றையும் பார்ப்போம்.

முதலாவது, "சட்டப்படி அவர்கள் குத்தகைக்காரரின் ஆட்கள், நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்பது. சட்டம் பாராட்டுவதைத் தடுக்கிறதா? ஒருவருக்கு நன்றி சொல்லவும், அவர் பெயரை அச்சிடவும் எந்தச் சட்டத்தின் அனுமதி வேண்டும்? சர்க்கார் விருதை அவருக்குக் கொடுக்க விதியில் இடமில்லாதிருக்கலாம். செய்தி மடலில் இடமில்லை என்பது எந்த விதி? மேலும், குத்தகைக்கு விடுவது சர்க்கார். குத்தகையின் நிபந்தனைகளை எழுதுவதும் சர்க்கார். "பழைய ஆட்களையே வைத்துக்கொள்ள வேண்டும், அவர்களுடைய பழைய சேவையையும் சேர்த்து எண்ண வேண்டும்" என்று இரண்டு வரி எழுதிச் சேர்க்கத் தடை என்ன?

இரண்டாவது, "குத்தகை முறையில் செலவு குறைகிறது" என்பது. குறைகிறதென்றே வைத்துக்கொள்வோம். குறைந்த காசு எங்கிருந்து வந்தது? குத்தகைக்காரருக்கும் லாபம் வேண்டும். சோப்பும் துடைப்பமும் விலை குறைந்து கிடைப்பதில்லை. ஆகவே மேலே நான் கணக்கிட்ட 92 நாளிலும், இன்னொரு 92 நாளிலும், 360 நாளிலும் இருந்துதான் அது வந்திருக்க வேண்டும். ஏழையின் ஓய்வை அரிந்தெடுத்துச் சிக்கனம் என்று பெயரிடுவது கணக்குச் சாஸ்திரமாகாது. கணக்கு எழுதிப் பிழைக்கும் நான் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது, "அவர்கள் ஒன்றும் கேட்கவில்லையே, சிரித்த முகத்தோடுதானே இருக்கிறார்கள்" என்பது. இது உண்மையன்று. சர்க்கார் கட்டிடங்களில் குத்தகைக்கு உழைக்கும் தொழிலாளர்கள், மலேசிய சோஷலிஸ்ட் கட்சியின் துணையோடு ஒன்றுகூடி, குத்தகை முறையை ஒழிக்கும்படி பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அவர்களுடைய குரல் நம்முடைய மண்டபங்களுக்குள் வரவில்லையென்றால், கதவைச் சாத்திக்கொண்டு கைதட்டினோம் என்பதே பொருள். கேளாதவரும் இருக்கலாம். அடுத்த குத்தகையில் தம்மை எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு மூன்றாவது வருஷமும் அஞ்சுகிறவர் எப்படிக் கேட்பார்? அச்சத்தைத் திருப்தியென்று எண்ணிக்கொள்வது நமக்குச் சௌகரியம், அவ்வளவே.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். நமது பாட்டன்மாரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கங்காணியை மறந்துவிட்டோமா? தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று, ஆட்கள் வேலைக்கு இறங்கிய நாளுக்குத் தக்கபடி தலைக்காசு வாங்கியவர் அவர். இந்திய சர்க்கார் 1938-இல் உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தியதும் அந்த ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. முடிந்ததென்று நாம் நினைத்தோம். இப்போது கூட்டுகிறவருக்கும் கல்லூரிக்கும் நடுவே குத்தகைக்காரர் நிற்கிறார். ஒரு வேற்றுமை உண்டு. கங்காணி காலத்திலும் தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. அந்தப் பெயரைக் காட்டித்தான் வீடு, ஆஸ்பத்திரி, ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்குத் தோட்டத்தைப் பொறுப்பாளியாக்கச் சட்டத்தால் முடிந்தது. இன்றைக்குக் கல்லூரியின் புத்தகத்தில் அந்தப் பெயரும் இல்லை. முன்னேற்றம் என்பது இதுதானா?

கங்காணியை மட்டும் குறை சொல்லி, என் போன்ற கிராணிகளை விட்டுவிடுவது யோக்கியமாகாது. 1941-ஆம் ஆண்டு சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நமது தொழிலாளிகள் பெருவாரியாக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். ஹெச். நாதன் அவர்களுக்குத் தலைமையாக நின்றார். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரைமாரும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களும் எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. உத்தியோகஸ்தர் என்றால் யார்? கிராணிகளுந்தான். நமது ஜனங்கள் நமக்கு எதிராகவே சுயமரியாதை கேட்க வேண்டியிருந்தது! நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. இன்று யாரும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. ஆனால் பின்சுவரோரம் துடைப்பத்தோடு நின்று கைதட்டுவது இருக்கிறது. இறங்கச் சொன்னவர்கள் அன்று வாயால் சொன்னார்கள்; இன்று சொல்லாமலேயே நடக்கிறது.

நமது பழைய பத்திரிகைகளின் தோட்டச் செய்திப் பகுதியைப் புரட்டிப் பார்த்தவர்கள் ஒன்று கவனித்திருக்கலாம். பெரிய கிராணியார் மாற்றலாகிப் போனால் பிரிவுபசாரம், தேநீர் விருந்து, வாழ்த்துப் பத்திரம், வந்தனோபசாரம் என்று முழு விவரமும் இருக்கும். முப்பது வருஷம் பால் வெட்டி ஓய்ந்தவர் ஊருக்குக் கப்பலேறியது அநேகமாகச் செய்தியாயிராது. நாமே இவ்வாறு வளர்த்த வழக்கத்தைத்தான் இன்று கல்லூரி மண்டபம் பின்பற்றுகின்றது.

மாலை போட்டு மரியாதை செய்துவிட்டால் உரிமைக் கேள்வி அடங்கிவிடும் என்பது இந்நாட்டில் மட்டும் நிலவும் எண்ணமன்று. 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது தாய்நாட்டில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மாலை சூட்டிப் பூத்தூவியதைப் படங்களில் பார்த்தோம். தமிழ்நாட்டில் அவர்களுக்குத் தூய்மைப் பணியாளர் என்ற புதிய பெயரும் வந்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தங்கள் வேலையைத் தனியார் குத்தகைக்கு விடக்கூடாது என்று கேட்டு, அதே சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் கட்டிடத்துக்கு முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினர். மறுநாள் அவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி உள்ளிட்ட நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. பசித்தவருக்குச் சிற்றுண்டி நல்லதே. நான் அதைப் பழிக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது சிற்றுண்டியா? "என் எஜமான் யார்?" என்று கேட்டவருக்கு இலை போட்டுப் பரிமாறினால் கேள்வி தீர்ந்துவிடுமா?

வேறு விதமாக நடக்கவே முடியாதா என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் சமூகக் கல்லூரிகள் வட்டாரம் வட்டாரமாக நிர்வகிக்கப்படுகின்றன. அங்கே பாடம் நடத்தாத சிப்பந்திகளுக்கென்று, அதாவது குமாஸ்தா, துப்புரவாளர், தோட்டவேலை செய்வோர், சமையற்காரர், காவலர் முதலியோருக்கென்று, 1986-ஆம் ஆண்டு முதல் மே மாதத்தின் மூன்றாவது வாரம் பாராட்டு வாரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. பாராட்டு அவர்களிடமிருந்தே தொடங்குகிறது. அதோடு நில்லாமல் 2002-ஆம் ஆண்டு ஒரு சட்டமும் செய்தார்கள். குத்தகைக்காரர் குறைந்த சம்பளம் கொடுப்பார் என்ற ஒரே காரணத்துக்காகச் சிப்பந்திகளின் வேலையைக் குத்தகைக்கு விடலாகாது என்பது அதன் சாரம். அந்த நாடு சொர்க்கமென்று நான் சொல்லவில்லை. அங்கும் ஏழைகளின் பாடு ஏழைகளின் பாடுதான். ஆனால் வாரமும் சட்டமும் அங்கே சேர்ந்து நிற்கின்றன. நமக்கு வாரம் இருக்கிறது; சட்டம் இல்லை. வாரத்திலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

இரண்டாவது உதாரணம் நம்முடையதே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இராஜராஜ சோழன் தஞ்சையில் கட்டிய பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், அங்கே ஊழியத்துக்கு அமர்த்தப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. யார் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார் என்பதும் இருக்கிறது. தையற்காரர், வண்ணார், நாவிதர், குடை பிடிப்போர் ஆகியோருக்கு இன்ன பங்கு என்பதும் சேர்ந்தே இருக்கிறது. பெண்களைக் கோயிலுக்கு ஊழியராக்கிய அம்முறையை நாம் ஒருநாளும் ஆதரிக்க மாட்டோம். அரசனின் பெருமை பாடுவதும் நம் வேலையன்று. ஆனால் அந்தக் கணக்கன் ஒன்று அறிந்திருந்தான். பெயரை எழுதினால் கூலியையும் எழுத வேண்டும். கூலியை எழுதினால் யாருக்கென்று பெயரையும் எழுத வேண்டும். கல்லில் வெட்டுவது அன்று எவ்வளவு கஷ்டமான காரியம்! அச்சு மையும் காகிதமும் மலிந்த நாளில் நம்மால் ஒரு பக்கம் ஒதுக்க முடியவில்லை.

ஆகையால், என்ன செய்ய வேண்டும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லி முடிக்கிறேன்.

சர்க்கார் செய்ய வேண்டியது: என்றும் ஓயாத வேலைக்கு நிரந்தரச் சிப்பந்தி வேண்டும். கல்லூரி உள்ளவரை அது கூட்டப்பட்டே ஆகவேண்டும். அப்படியிருக்கக் கூட்டுகிறவர் மட்டும் ஏன் தற்காலிகம்? உடனே அவ்வாறு செய்ய முடியாதென்றால், குத்தகை மாறினாலும் ஆள் மாறக்கூடாது, சேவை வருஷம் அறக்கூடாது என்று ஒவ்வொரு குத்தகைப் பத்திரத்திலும் எழுதட்டும். கல்லூரி வாயிலில் அவர் முதன்முதல் கால் வைத்த நாளே அவருடைய சேவை தொடங்கிய நாளாக இருக்கட்டும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது: அடுத்த பாராட்டு நாளுக்கு முன் ஒரு பட்டியல் தயாரியுங்கள். யார் சம்பளம் கொடுக்கிறார் என்று பாராமல், யார் அந்த வளாகத்தில் எத்தனை வருஷம் உழைத்தார் என்று பாருங்கள். அதை மேடையில் வாசியுங்கள். அவர்கள் வீட்டுக் கலியாணத்தையும் சாவையும் செய்தி மடலில் போடுங்கள். அன்று ஒருநாளாவது நாற்காலியை வேறு யாராவது எடுத்துப் போடட்டும்.

நாம் செய்ய வேண்டியது: இதுதான் கஷ்டமானது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும், இளைஞர் மன்றங்களும், தோட்டத்து உத்தியோகஸ்தர் மனமகிழ் மன்றங்களும் வருஷா வருஷம் பொன்னாடைக்குச் செலவழிக்கின்றன. மேடையில் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்ளும் அவலத்தை நிறுத்துவோம். நமது பள்ளி வாயிலில் நிற்கும் காவலருடைய பெயர் நமக்குத் தெரியுமா என்று முதலில் நம்மையே கேட்போம்.

கேள்வி என்னையும் தொடும் என்று தொடக்கத்தில் சொன்னேன். எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் ஒரு கூட்டம் குத்தகைக்காரருடைய ஆட்கள். நீண்ட காலச் சேவைக்குப் பரிசு பெறுவோர் பட்டியலை ஆண்டுதோறும் டைப் அடிப்பது நானே. அந்தக் கூட்டத்தைப் புத்தகத்தில் நான் எப்படி எழுதி வந்தேன் தெரியுமா? "குத்தகை ஆள் 14." பெயரில்லை; எண் மட்டுமே. என் தகப்பனார் செக்ரோலில் அந்த அம்மாளின் பெயரை ஒவ்வொரு நாளும் எழுதினார். நான் அதைக்கூடச் செய்யவில்லை. பிறர் வீட்டுப் பின்சுவரைப் பார்த்து ஆத்திரப்பட்டுத் திரும்பிய அன்றிரவுதான், என் புத்தகத்திலும் ஒரு பின்சுவர் இருப்பது கண்ணில் பட்டது.

மறுவாரம் பெரட்டுக்களத்தில் போய் அந்தப் பதினான்கு பேரிடமும் பெயரும், தோட்டத்துக்கு வந்த தேதியும் கேட்டு எழுதிக்கொண்டேன். ஏதோ குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்கிறான் என்று முதலில் பயந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தத் தோட்டத்துக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. எனக்கு அது அன்றுவரை தெரியாது. அந்தப் பெயர்களைப் பட்டியலில் சேர்க்கும்படி நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், என் புத்தகத்தில் இனி எண் இராது, பெயர்கள் இருக்கும்.

தோழர்களே! உங்கள் கையிலும் ஏதாவதொரு புத்தகம் இருக்கும். பள்ளிப் புத்தகமோ, சங்கப் புத்தகமோ, கடைப் புத்தகமோ, அதைத் திறந்து, எண்ணாக எழுதப்பட்டவர்களின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் வருஷங்களையும் எழுதுங்கள். பிறகு மேடை போடுவதைப் பற்றி யோசிக்கலாம்.